சுரங்கத்துக்குள் முதல் நாள்: பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி எங்கே காப்பாற்றுகிறது, எங்கே கைவிடுகிறது

சுரங்க விபத்து பற்றிய செய்திகளில் இரண்டு கூற்றுகள் அடிக்கடி அடுத்தடுத்து வரும். "எல்லாத் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருந்தோம்" என்று நிர்வாகம் சொல்லும். "எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை" என்று உயிர் தப்பியவர்கள் சொல்வார்கள். படிப்பவருக்கு இரண்டில் ஒன்று பொய் என்று தோன்றும். ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பயிற்சி என்ற ஒரே பெயரில் பல வேறு காரியங்கள் நடக்கின்றன என்பதுதான் காரணம். அவற்றில் ஒன்று நடந்திருக்கும், இன்னொன்று நடந்திருக்காது. விடுபட்டது எது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மிகவும் தேவைப்பட்ட அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

## ஒரே பெயரில் ஐந்து பயிற்சிகள்

புதிதாக வருபவரை வேலையில் இறக்குவதற்கு முன் கொடுக்கும் பாதுகாப்புப் பயிற்சியை அறிமுகப் பயிற்சி என்கிறோம். தளத்தில் இருப்பவர்கள் இண்டக்‌ஷன் என்றே சொல்வார்கள். அதன் அடுக்குகள் இவை:

1. பொது அறிமுகம். சுரங்கம் என்ற இடத்தின் பொதுவான ஆபத்துகள்: வாயுக்கள், கூரைச் சரிவு, வெடிவைப்பு, ராட்சத வண்டிகள், தூசி, மின்சாரம். எந்தச் சுரங்கத்துக்குப் போனாலும் இந்தப் பாடம் மாறாது.
2. தள அறிமுகம். இந்தக் குறிப்பிட்ட சுரங்கத்தின் வரைபடம், வெளியேறும் வழிகள், அபாய ஒலி, வண்டிப் பாதை, யாரிடம் எதைத் தெரிவிப்பது என்பவை. பக்கத்துச் சுரங்கத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கும் இது புதிது.
3. வேலைப் பயிற்சி. அவர் செய்யப்போகும் வேலைக்கு மட்டுமானது. டிரில் ஓட்டுபவருக்கு ஒன்று, கன்வேயர் பழுதுபார்ப்பவருக்கு வேறொன்று.
4. ஆபத்து விளக்கம். பார்வையாளர்களுக்கும் சில மணி நேர வேலைக்கு வந்து போகிறவர்களுக்குமான குறுகிய எச்சரிக்கை.
5. புத்தாக்கப் பயிற்சி. குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டியது.

இவை தவிர ஷிஃப்ட் தொடக்கத்தில் சூப்பர்வைசர் பேசும் டூல்பாக்ஸ் பேச்சும் உண்டு. அது பயிற்சிக்கு மாற்று ஆகாது. அன்றைய நிலவரத்தைச் சொல்ல மட்டுமே அது போதும்.

இப்போது அந்த இரண்டு கூற்றுகளுக்கும் விளக்கம் கிடைக்கிறது. பொது அறிமுகத்துக்குச் சான்றிதழ் உண்டு. அது கோப்பில் இருக்கும், நிர்வாகம் அதைக் காட்டும். தள அறிமுகமும் வேலைப் பயிற்சியும் அரை மணி நேரப் பேச்சாகச் சுருங்கியிருக்கும். உயிர் தப்பியவர் பேசுவது அதைப் பற்றி.

## பொதுப் பாடம் மட்டும் ஏன் போதாது

தொழிற்சாலையின் சுவர்கள் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். சுரங்கத்தில் அப்படி இல்லை. வேலை நடக்கும் முகப்பு ஒவ்வொரு ஷிஃப்டிலும் நகர்கிறது. நேற்று தாங்கல் இருந்த கூரைக்கு அப்பால் இன்று தாங்கல் இல்லாத புதிய கூரை இருக்கும். கூரைப் பாறையைத் தாங்கிப் பிடிக்க அதில் இறக்கும் இரும்புக் கம்பிதான் ரூஃப் போல்ட். கடைசி ரூஃப் போல்டுக்கு அப்பால் ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்பது நிலத்தடிச் சுரங்கத்தின் அடிப்படை விதி. அந்தக் கடைசி போல்ட் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதை எந்தப் பொதுப் பாடமும் சொல்ல முடியாது.

வாயுக்களும் இப்படித்தான். காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அது காற்றைவிட லேசானது, கூரையை ஒட்டித் தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்று உடல் எச்சரிப்பதற்கு முன்பே அறிவு மங்கிவிடும். இதெல்லாம் பொது அறிமுகத்தில் வரும். ஆனால் இந்தச் சுரங்கத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, தீப்பிடித்தால் புகை எந்தப் பாதையில் திரும்பும், நல்ல காற்று வரும் பாதை எது என்று தெரியாவிட்டால் அந்த அறிவு காலுக்கு உதவாது. ஓட வேண்டிய திசையைச் சொல்வது தள அறிமுகம் மட்டுமே.

திறந்தவெளிச் சுரங்கத்தில் ஆபத்தின் முகம் வேறு. வீட்டு உயரத்துக்கு நிற்கும் டம்பர் வண்டியின் ஓட்டுநருக்குத் தன் வண்டியின் முன்னும் பக்கவாட்டிலும் பல மீட்டர் தூரத்துக்குத் தரை தெரியாது. ஒரு ஜீப்பே அந்த மறைவில் காணாமல் போய்விடும். அதனால்தான் சிறு வண்டிகளில் உயரமான கம்பத்தில் கொடி கட்டுகிறார்கள். டம்பரை நெருங்கும் முன் ரேடியோவில் அழைத்து, ஓட்டுநர் பதில் சொன்ன பிறகே நகர வேண்டும் என்றும் விதி வைக்கிறார்கள். எந்த ரேடியோ சேனல், எந்தச் சந்திப்பில் யாருக்கு முன்னுரிமை, வண்டிகள் இடப்பக்கம் போகின்றனவா வலப்பக்கமா என்பவை தளத்துக்குத் தளம் வேறுபடும். வேறொரு சுரங்கத்தின் பழக்கத்தோடு வரும் அனுபவசாலி, ஒன்றும் தெரியாத புதியவரைவிட இங்கே அதிக ஆபத்தில் இருக்கவும் கூடும். புதியவர் தயங்குவார். பழகியவரின் கை தானாகவே தப்பான பக்கம் திருப்பிவிடும்.

## ஒரு கருவியை வைத்துப் பார்ப்போம்

பயிற்சியில் 'சொன்னது' வேறு, 'செய்ய வைத்தது' வேறு. இந்த வித்தியாசத்தைச் சுய மீட்புக் கருவியைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றும் இல்லை. நிலத்தடித் தொழிலாளி இடுப்பில் மாட்டிக்கொண்டு போகும் சிறிய டப்பா அது. தீயோ வெடிப்போ ஏற்பட்டால் வெளியே வரும்வரை மூச்சுக்கு உதவும். இதில் இரண்டு வகை உண்டு.

1. வடிகட்டும் வகை. உள்ளிழுக்கும் காற்றிலுள்ள கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த வேதிமாற்றம் வெப்பத்தை வெளியிடும். வாய்க்கு வரும் காற்று சுடும். எவ்வளவு அதிகம் சுடுகிறதோ, வெளிக்காற்றில் அவ்வளவு விஷம் இருக்கிறது என்று அர்த்தம்.
2. ஆக்சிஜன் தரும் வகை. இதில் பரவலாகப் பயன்படுவது பொட்டாசியம் சூப்பராக்சைடு. வெளிவிடும் மூச்சிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் அது வினைபுரிந்து ஆக்சிஜனைத் தருகிறது. இதுவும் சூடாகும். காற்று வறண்டிருக்கும், இழுப்பதற்குச் சிரமமாகவும் இருக்கும்.

பழக்கமில்லாதவர் என்ன நினைப்பார்? வாய் சுடுகிறது, மூச்சு சரியாக வரவில்லை, கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார். உடனே கழற்றிவிடுவார். கருவி சரியாக வேலை செய்வதன் அடையாளமே அவரை அதைக் கழற்ற வைக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 1972 மே 2ஆம் தேதி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன்ஷைன் வெள்ளிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 91 பேர் இறந்தார்கள். கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிலக்கரிச் சுரங்கம்தான் எரியும், பாறைச் சுரங்கம் எரியாது என்ற நம்பிக்கை அங்கே ஆழமாக இருந்தது. கருவிகளைப் பயன்படுத்தும் பயிற்சி பலருக்கு இல்லை. சூடு தாங்காமல் வாயிலிருந்து எடுத்தவர்களும் இருந்தார்கள்.

2006 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சேகோ நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 12 பேர் இறந்தார்கள். உள்ளே சிக்கியவர்களில் உயிரோடு மீண்டவர் ஒருவர் மட்டுமே. சில கருவிகள் வேலையே செய்யவில்லை என்று அவர் பின்னர் எழுதினார். மீட்டெடுத்த கருவிகளை ஆய்ந்தபோது அவை இயக்கப்பட்டிருந்தன என்பதும், உள்ளிருந்த வேதிப்பொருள் முழுக்கத் தீர்ந்திருக்கவில்லை என்பதும் தெரியவந்தது. பயிற்சிக்குரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. கருவியைத் திறந்தவுடன் வர வேண்டிய தொடக்க ஆக்சிஜன் வராவிட்டால், வாயால் கருவியின் மூச்சுப் பைக்குள் சிலமுறை ஊதிக் கருவியைக் கைமுறையாகத் தொடங்க முடியும். இருட்டில், புகையில், பயத்தில் அதைச் செய்ய வேண்டுமென்றால் கை முன்பே பழகியிருக்க வேண்டும்.

சேகோவுக்குப் பிறகு அமெரிக்க நிலத்தடி நிலக்கரிச் சுரங்க விதிகள் மாறின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தப்பிக்கும் ஒத்திகை வந்தது. வருடத்துக்கு ஒருமுறை, நிஜக் கருவியின் வெப்பத்தையும் மூச்சுத் தடையையும் உணரவைக்கும் கருவியை மாட்டிப் பழக வேண்டும் என்ற விதியும் வந்தது. இதுவே நல்ல பயிற்சி என்பது என் கருத்து. ஆபத்தைப் பற்றிச் சொல்வதோடு நிற்காமல், அந்த நேரத்தில் உடலுக்கு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

அதே விதிகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தப்பிக்கும் பாதையில் கட்டியிருக்கும் வழிகாட்டிக் கயிற்றில் இடையிடையே கூம்புகள் கோத்திருப்பார்கள். கூம்பின் கூர்முனை சுரங்கத்தின் உட்பக்கம் பார்க்கும். கயிற்றைப் பிடித்து நடக்கும்போது கை கூம்பின் மேல் வழுக்கிப் போனால் வெளியே போகிறீர்கள். கை முட்டி நின்றால் உள்ளே போகிறீர்கள், திரும்ப வேண்டும். கண் தெரியாத புகையில் இந்தத் தடவல்தான் ஒரே வழிகாட்டி. ஒரு முறையாவது கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தக் கயிற்றைத் தொட்டு நடந்தவருக்கு இது மறக்காது. படத்தில் மட்டும் பார்த்தவருக்கு நினைவு வருமா என்பது சந்தேகம்.

## சட்டம் என்ன கேட்கிறது

சன்ஷைன் உள்ளிட்ட விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்காவில் 1977இல் நிலக்கரிச் சுரங்கங்களும் மற்றச் சுரங்கங்களும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. பயிற்சி கட்டாயமானது. நிலத்தடிக்குப் புதிதாக வருபவருக்கு 40 மணி நேரம், மேற்பரப்புச் சுரங்கத்துக்கு 24 மணி நேரம், வருடந்தோறும் 8 மணி நேரப் புத்தாக்கம். வழக்கமான வேலை நேரத்தில், வழக்கமான சம்பளத்தோடு பயிற்சி நடக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இன்னும் ஒரு பிரிவு இருக்கிறது. உரிய பயிற்சி பெறாத தொழிலாளியை ஆய்வாளர் கண்டால், அவர் தனக்கும் பிறருக்கும் ஆபத்தானவர் என்று அறிவித்து உடனே வெளியேற்ற உத்தரவிட வேண்டும். அந்த நேரத்துக்கான சம்பளத்தையும் அவர் இழக்கக் கூடாது. பயிற்சி கொடுக்காத குற்றத்துக்குத் தொழிலாளியின் கூலியில் கைவைக்க முடியாதபடி எழுதிய பிரிவு இது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1995இல் நிறைவேற்றிய சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 176, இங்கே கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்கிறது. பயிற்சி தொழிலாளிக்குச் செலவில்லாமல் கிடைக்க வேண்டும். அறிவுறுத்தல்கள் அவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். ஒரே சுரங்கத்தில் பல முதலாளிகள் வேலை நடத்தினால், சுரங்கத்தின் பொறுப்பாளரே எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க வேண்டும், முதன்மைப் பொறுப்பும் அவருடையதே.

இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1966ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளும் இந்தத் துறையின் அடித்தளமாக அமைந்தன. சுரங்கத்தை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துபவரும் உரிமையாளரைப் போலவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், ஆனால் அதனால் உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது என்று அந்த 1952 சட்டம் தெளிவாகச் சொன்னது.

ஆக, காகிதத்தில் ஒப்பந்தத் தொழிலாளி விடுபடவில்லை. அப்புறம் நடைமுறையில் எங்கே விடுபடுகிறார்?

## ஒப்பந்தத் தொழிலாளியிடம் சங்கிலி அறுவது எப்படி

1. நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? டன் கணக்கிலோ மீட்டர் கணக்கிலோ காசு வாங்கும் காண்ட்ராக்டருக்குப் பயிற்சி நாள் என்பது வருமானம் இல்லாத நாள். டெண்டரில் பயிற்சிச் செலவைத் தனியாகக் காட்டாவிட்டால், விலையைக் குறைத்துக் காட்டியவர்தான் ஜெயிப்பார். அவர் எதைக் குறைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

2. கூட்டமாக வருவார்கள். பெரிய பராமரிப்புக்காகச் சுரங்கத்தை நிறுத்தும்போது நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே காலையில் வாசலில் நிற்பார்கள். நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் உற்பத்தி இழப்பு. ஒரு அறை, ஒரு வீடியோ, ஒரு கையெழுத்துத் தாள் என்று முடிந்துவிடும்.

3. துணை ஒப்பந்தம், அதற்குக் கீழே இன்னொன்று. காண்ட்ராக்டர் பயிற்சி கொடுத்திருப்பார் என்று சுரங்கம் நினைக்கும். சுரங்கம் வாசலில் கொடுக்கும் என்று காண்ட்ராக்டர் நினைப்பார். துணைக் காண்ட்ராக்டர் அனுப்பிய மாற்று ஆளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

4. அனுபவம் என்ற திரை. இருபது வருட வெல்டரிடம் பாதுகாப்பு பற்றிப் பேசுவது அவரை அவமதிப்பதாகத் தோன்றும். அவருக்கு வெல்டிங் தெரியும், உண்மை. அவர் பற்றவைக்கப்போகும் இடத்தில் மீத்தேன் அளவு என்ன, அந்தப் பகுதியின் காற்றோட்டத்தை இன்று காலை மாற்றினார்களா என்பது அவருக்குத் தெரியாது.

5. கிடைக்கும் வேலையே கடினமானது. அன்றாட ஓட்டம் நிரந்தரத் தொழிலாளர்களிடம் இருக்கும். சுரங்க வாய்க் கட்டுமானம், துளையிடுதல், பழுதுபார்ப்பு, பெரிய இயந்திரங்களைப் பிரிப்பது போன்ற வழக்கத்துக்கு மாறான வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போகும்.

இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு கன்வேயரைப் பழுதுபார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்ட வேண்டும். பூட்டும் முறையின் உயிர்நாடி ஒன்றுதான்: வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும். கடைசிப் பூட்டு திறக்கும்வரை இயந்திரம் ஓடாது. ஒப்பந்த ஃபிட்டருக்குத் தனிப் பூட்டு கொடுக்கவில்லை. "சூப்பர்வைசர் பூட்டு போட்டிருக்கிறார், போதும்" என்று சொல்லிவிட்டார்கள். ஷிஃப்ட் முடிகிறது. சூப்பர்வைசர் தன் ஆட்களை எண்ணிப் பார்த்து, பூட்டை எடுத்துக்கொண்டு போகிறார். ஃபிட்டர் அவருடைய ஆள் இல்லை, அவர் எண்ணிக்கையிலும் இல்லை. பெல்ட்டுக்கு அடியில் இன்னும் படுத்திருக்கிறார். பூட்டின் அவசியத்தைப் பொதுப் பாடத்தில் அவர் கேட்டிருப்பார். தனக்கென்று ஒரு பூட்டைக் கேட்டு வாங்கும் உரிமை தனக்கு உண்டு என்பதைத்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2010 நவம்பர் 19 அன்று நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது 29 பேர் இறந்தார்கள். அவர்களில் 13 பேர் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். ஒருவருக்கு 17 வயது. சுரங்கத்துக்குள் அவருக்கு அதுவே முதல் ஷிஃப்ட். நல்ல அறிமுகப் பயிற்சி அவரைக் காப்பாற்றியிருக்குமா? அப்படிச் சொல்ல முடியாது. அங்கே மீத்தேன் கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டாவது வெளியேறும் வழி என்று இருந்தது காற்றோட்டத்துக்கான செங்குத்துக் குழியில் பொருத்திய ஏணி மட்டுமே. பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் அது இன்னொரு வழியைத் தோண்டித் தராது. ஆபத்தை மூலத்திலேயே நீக்குவது முதல் படி. தடுப்பு அமைப்பதும் காற்றோட்டம் கொடுப்பதும் அடுத்த படி. பயிற்சி அதற்கும் பின்னால்தான் வருகிறது. விபத்துக்குப் பிறகு "மறுபயிற்சி கொடுத்துவிட்டோம்" என்பது மட்டுமே ஒரு நிறுவனத்தின் பதிலாக இருந்தால், மற்றப் படிகளில் என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

## கையெழுத்து எதை நிரூபிக்கிறது

வருகைத் தாளில் உள்ள கையெழுத்து அந்த அறையில் அவர் இருந்தார் என்பதைக் காட்டும். புரிந்ததா, செய்ய முடியுமா என்பதைக் காட்டாது. வேறு மொழி பேசும் ஊரிலிருந்து வந்தவரிடம், அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராத மொழியில் ஐம்பது கேள்வித் தாளைக் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிக் கொடுப்பார். வேறென்ன செய்வார்? அன்றைய கூலி அந்தத் தாளில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், 2000 முதல் 2019 வரை சுரங்கங்களிலும் குவாரிகளிலும் நிகழ்ந்த 47 மரணங்களை ஒரு சுயேச்சை ஆய்வு அலசியது. வேலைக்குத் தேவையான பயிற்சி இல்லாமை அல்லது குறைவு, மேற்பார்வை இல்லாமை அல்லது குறைவு என்பவை அதில் திரும்பத் திரும்ப வந்தன. இவை இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். புதியவர் முதல் வாரத்தில் கேட்டதில் பாதியை மறந்துவிடுவார். பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நின்று நினைவூட்டாவிட்டால் வகுப்பறைப் பாடம் கரைந்துபோகும்.

ஒரு சுரங்கத்தின் அறிமுகப் பயிற்சி உருப்படியானதா என்று அறியச் சில கேள்விகள் போதும்:

1. புதியவர் வெளியேறும் இரண்டு வழிகளையும் காலால் நடந்து பார்த்தாரா, வரைபடத்தில் மட்டும் பார்த்தாரா?
2. மீட்புக் கருவியைத் தானே மாட்டிக் காட்டினாரா?
3. அவருக்குப் புரியும் மொழியில் பேசினார்களா? எழுதத் தெரியாதவரை வாய்மொழியாகச் சோதித்தார்களா?
4. தேர்ச்சி பெறாதவர் என்று யாரையாவது எப்போதாவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? எல்லோரும் எப்போதும் தேறிவிடும் சோதனை எதையும் சோதிப்பதில்லை.
5. வேலை மாறினால், முகப்பு மாறினால், நீண்ட விடுப்புக்குப் பின் வந்தால் மறுபடி பயிற்சி உண்டா?
6. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டும் டோக்கன் போர்டில் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் இருக்கிறதா?
7. தூசி பற்றிச் சொன்னார்களா? சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்ன வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவசரமில்லாத ஆபத்து என்பதால் பயிற்சியிலிருந்து முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

## வேலையை நிறுத்தும் உரிமை

அறிமுகப் பயிற்சியில் சொல்லியே ஆக வேண்டிய, ஆனால் வேகமாகக் கடந்துபோகும் பகுதி இது. தன் உயிருக்கோ உடலுக்கோ கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பினால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று உடன்படிக்கை 176 சொல்கிறது. "பாதுகாப்பில்லை என்றால் நிறுத்துங்கள்" என்று சுவரொட்டியும் ஒட்டியிருப்பார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த உரிமை கைக்கு எட்ட வேண்டுமென்றால் சில ஏற்பாடுகள் வேண்டும். நிறுத்தியவுடன் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரும் ரேடியோ சேனலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நபர் அவருடைய காண்ட்ராக்டராக மட்டும் இருக்கக் கூடாது, சுரங்கத்தின் தரப்பிலும் ஒருவர் இருக்க வேண்டும். நின்ற நேரத்துக்கு அவருக்கும் காண்ட்ராக்டருக்கும் பணம் பிடிக்கப்படாது என்று ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கேள்வி கேட்டவரை மறுநாள் வாசலில் திருப்பி அனுப்பினால், அதை விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த நான்கும் இருக்கிறதா என்பதைத் தொழிலாளியின் முதல் நாளிலேயே, அவர் கையெழுத்துப் போடும் முன், பயிற்சி தருபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.